டிரில் மாஸ்டர் பதில்கள்

கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் பதிலளிக்கிறார். பெயருக்குப் பதில், களத்தில் தாங்கள் நின்ற இடத்தை எழுதி அனுப்புவது இந்தப் பகுதி வாசகர்களின் வழக்கம்.

லெஃப்ட் விங், குன்னூர்: விளையாட்டுப் பக்கம் என்று பெயர்; பாதிக்கு மேல் பழைய நடிகர்கள் கதைதான் வருகிறது. ஏன் மாஸ்டர்?

சமவெளிக்காரர் கேட்டால் நியாயம். குன்னூரில் ஆடிய நீங்களுமா? மூன்று மணிக்கு வெயில் அடிக்கும். மூன்றரைக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும். முதலில் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் மறையும், அடுத்து நடுவர், கடைசியில் பந்து. விசில் ஊதியதும் எல்லோரும் தேயிலைச் சரிவோரம் குந்திக்கொள்வோம். யாரோ ஒருவர் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரிப்பார். மூட்டம் விலகும்வரை பேசுவதற்கு, போன ஞாயிறு பார்த்த படத்தை விட்டால் வேறு என்ன இருந்தது? அதிலும் நம்மவர்கள் பேச்சு தனி ரகம். கதாநாயகி எதற்காக அழுதாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாடியிலிருந்து குதித்தவர் எந்தக் காலை முதலில் ஊன்றினார் என்பதில்தான் சண்டையே வரும்.

கோல் கீப்பர், ஊட்டி: நம்பியார் நம்ம ஊர்க்காரர் என்று என் மாமனார் சத்தியம் செய்கிறார். பந்தயம் கட்டிவிட்டேன்.

பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள். எம்.என்.நம்பியார் 1919இல் பிறந்தது கண்ணூர்ப் பக்கம். தந்தை இறந்த பிறகு ஊட்டியில் இருந்த அக்காள் வீட்டுக்கு வந்தார். பள்ளிப் படிப்பு இங்கேதான். 13 வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து மலையை விட்டு இறங்கிவிட்டார். முதல் படம் 1935இல் வந்த 'பக்த ராமதாஸ்'. பிறந்த ஊரை வைத்துப் பார்த்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் மாமனாரிடம் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு நம்பியாரிடம் பிடித்தது அவர் தோற்கும் அழகு. 'சர்வாதிகாரி' (1951) படத்தில் எம்.ஜி.ஆருடன் அவர் போடும் கத்திச் சண்டையைப் பாருங்கள். திரைச் சண்டையில் ஜெயிப்பவருக்கு வேலை குறைவு. தோற்பவர்தான் வீச்சு வரும் முன்பே உடம்பைத் தயார் செய்ய வேண்டும்; ஆனால் தயாராக இருப்பது படம் பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது. நாடகக் கம்பெனியில் சிறுவயதிலிருந்து அடிபட்டவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் நிதானம் அது. எம்.ஜி.ஆரும் அதே மாதிரி பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தான். திரையில் அத்தனை அக்கிரமம் செய்த நம்பியார் நிஜத்தில் மதுவைத் தொடாதவர், சைவச் சாப்பாட்டுக்காரர், சபரிமலைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போன குருசாமி.

குதிரைப் பந்தயப் பைத்தியம், ஊட்டி: 'நீலமலைத் திருடன்' ரஞ்சனுக்கு உண்மையிலேயே வாள் பிடிக்கத் தெரியுமா?

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் பேனாவில் மை ஊற்றி வைத்தேன். தெரியும் ஐயா, முறையாகத் தெரியும். மேல்நாட்டு வாட்பயிற்சி கற்றவர் ரஞ்சன். நாட்டியம் தெரியும், நாட்டியத்துக்கென்றே பத்திரிகை நடத்தினார், விமானம் ஓட்டுவார், மேஜிக் வேறு செய்வார். ஒரு மனிதனுக்கு இத்தனை எதற்கு என்று எனக்கே சமயத்தில் பொறாமை வரும்.

எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' (1948) படத்தில் முரசு நடனத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் அதற்குப் பின்னால், எம்.கே.ராதாவும் ரஞ்சனும் மோதும் இடத்துக்குக் காத்திருப்பேன். முகத்தைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். வாட்பயிற்சி பெற்றவனின் முன்பாதம் எதிராளியை நோக்கி இருக்கும், பின்பாதம் குறுக்கே நிற்கும், முழங்கால் இரண்டும் லேசாக மடிந்திருக்கும். முன்னேறும்போது முன்கால், பின்வாங்கும்போது பின்கால். இரண்டும் ஒன்றையொன்று தாண்டுவது அபூர்வம். பயிற்சி இல்லாத நடிகர் நாலு வீச்சுக்குள் காலைக் குறுக்கே வைத்துத் தடுமாறுவார். அங்கே கேமரா சட்டென்று முகத்துக்குத் தாவிவிடும். ரஞ்சனுக்கு முழு உடம்பும் தெரியும்படி தூரத்தில் கேமரா வைக்கலாம்.

'நீலமலைத் திருடன்' 1957இல் வந்தது. எடுத்தவர் நம் மலையடிவாரத்துக் கோயம்புத்தூர் சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர், இயக்கியவர் அவருடைய தம்பி எம்.ஏ.திருமுகம். தேவரே உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) படத்தில் அவருடன் மோதும் பயில்வான் தேவர்தான். உடம்பின் அருமை தெரிந்தவர் படம் எடுத்ததால்தான், ரஞ்சன் குதிரைமேல் பாடிக்கொண்டு போகும் அந்த டி.எம்.எஸ். பாட்டில் சவாரியும் ஒரு காட்சியாக நிற்கிறது.

எம்.ஜி.ஆரா, ரஞ்சனா என்று அடுத்த கடிதம் வரும். இப்போதே சொல்லிவிடுகிறேன். வாளில் ரஞ்சன், கம்பில் எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றுவாரே, அதை மைதானத்தில் செய்துபார்க்கச் சொன்னால் எந்த வீரனும் யோசிப்பான். சிலம்பத்தின் பலம் பாதி காலில் இருக்கிறது. காலைப் பெடலுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சமிருப்பது தோளும் மணிக்கட்டும்தான்.

இருட்டறை ஆள், இந்து நகர்: பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். பழைய படங்களில் சண்டை மட்டும் ஏன் அத்தனை வேகம்?

பிலிமோடு பழகிய நீங்கள் என்னைச் சோதிக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேசும் படம் திரையில் ஓடுவது நொடிக்கு 24 பிம்பங்கள். சண்டையை நொடிக்கு 20 பிம்பம் வீதம் எடுத்துவிட்டு வழக்கம்போல ஓட்டினால், ஒரு நிமிடச் சண்டை 50 நொடியில் முடிந்துவிடும். கை வேகம் தானாகக் கூடிவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு. சண்டை போடுபவர்களை விட்டுவிட்டுப் பின்னால் எரியும் தீப்பந்தத்தைப் பாருங்கள், குதிரைக் குளம்பில் கிளம்பும் புழுதியைப் பாருங்கள். சுடர் படபடவென்று துடித்தால், புழுதி அவசரமாக அடங்கினால், பாராட்டில் பாதியைக் கேமராக்காரருக்குக் கொடுத்துவிடலாம்.

நீச்சல் தெரியாதவன், கூடலூர்: டார்ஜான் நடிகர் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினாராமே?

ஒன்றா இரண்டா! ஜானி வைஸ்முல்லர் நீச்சலில் வாங்கிய தங்கம் ஐந்து. 1924 பாரிஸில் மூன்று, 1928 ஆம்ஸ்டர்டாமில் இரண்டு. பாரிஸில் வாட்டர் போலோ வெண்கலம் தனி. அதற்கும் முன்பே 1922இல், 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் ஆள் அவர்தான். டார்ஜானாக முதல் படம் 1932இல் வந்தது. அவர் ஆற்றில் குதித்தால் தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கும். முகம் தெரிவதற்காகச் செய்தது என்று நினைத்தால் தவறு. பந்தயத்திலும் அவர் அப்படித்தான் நீந்தினார்.

லெக் ஸ்பின், கேத்தி: கிரிக்கெட்டிலிருந்து நடிக்கப் போனவர்களில் யார் உசத்தி?

சலீம் துரானி 'சரித்ரா' (1973) என்ற இந்திப் படத்தில் பர்வீன் பாபிக்கு ஜோடியானார். அழகான மனிதர். ஆனால் என் ஓட்டு சி.ஆப்ரே ஸ்மித்துக்கு. 1889இல் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்து அணிக்குத் தலைவர். ஆடியது அந்த ஒரே டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 19 ரன்னுக்கு 5 விக்கெட். பிற்பாடு ஹாலிவுட்டில் நரைமீசைப் பிரபுவாகவும் தளபதியாகவும் நடித்தார். வேலைக்குப் போன இடத்திலும் சும்மா இருக்காமல் 1932இல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார். பேய்ப்படப் புகழ் போரிஸ் கார்லாஃப் அங்கே வந்து ஆடியிருக்கிறார். அவர் பந்து வீச வந்தால் நான் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

பந்து பொறுக்கியவன், வெலிங்டன்: எங்களைப் போன்றவர்களில் யாராவது நடிகரானதுண்டா?

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். சிறுவயதில் நாகர்கோவிலில் டென்னிஸ் ஆடுபவர்களுக்குப் பந்து எடுத்துப் போட்டார். மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

குத்துச்சண்டை ரசிகன், அருவங்காடு: முகமது அலியும் எம்.ஜி.ஆரும் சந்தித்தார்களா?

சந்தித்தார்கள். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆட வந்தார் அலி. அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆருடன் அவர் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி ஒரு சலூனில் மாட்டியிருந்தார்கள். முடி வெட்டி முடிந்தும் எழுந்திருக்க மனம் வராது.

ஓட்டப்பந்தயக்காரி, கோத்தகிரி: சிவாஜி ரசிகை நான். ஒரு வரிகூட இல்லையே, மாஸ்டர்!

கோபித்துக்கொள்ளாதே அம்மா. உனக்குத் தெரியாததா, அவருடைய போட்டியே நடைதான். 'திருவிளையாடல்' (1965) படத்தில் மீனவராகக் கடற்கரையில் நடந்து வருவாரே, மார்பை நிமிர்த்தித் தோளை ஆட்டிக்கொண்டு. அதைப் பள்ளி வராந்தாவில் நடந்து காட்டாத பையனை நான் பார்த்ததில்லை. ஆனால் விதி விதிதான். நடைப் போட்டியில் ஊன்றிய காலின் முழங்கால் நேராக இருக்க வேண்டும். அந்த நடையோடு வந்தால் சிவபெருமானே ஆனாலும் முதல் சுற்றிலேயே அட்டை காட்டிவிடுவேன்.