கேள்வி-பதில்: அட்டைக்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று?

கேள்வி: பல சர்வர்களின் வட்டுகளை ஒன்றாக்கித் தரும் லஸ்டர் கோப்பு முறைமையை எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு விற்பனையாளர் அமைத்துக் கொடுத்தார். அதிவேக வலையமைப்பான இன்ஃபினிபேண்டுக்கான அட்டை, சுவிட்ச், கேபிள் எல்லாவற்றுக்கும் முழுப் பணம் கட்டிவிட்டோம். வேகமோ சாதாரண ஈதர்நெட் அளவுதான். கேட்டால், "உங்கள் நிரல் சரியில்லை" என்கிறார்.

பதில்: பழியை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார், விடாதீர்கள். லஸ்டருக்காகக் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வலையமைப்பைக் கவனிப்பது எல்நெட் என்ற மாட்யூல் (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துணை நிரல்). எந்த வழியில் போக வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால், முதலில் கிடைக்கும் இடைமுகத்தில் டிசிபி (சாதாரண ஈதர்நெட்டில் ஓடும் வழக்கமான நெறிமுறை) வழியாகப் போய்விடும். எல்லாம் வேலை செய்யும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. அதனால்தான் இந்த ஏமாற்று இத்தனை எளிதாக நடக்கிறது.

ஒரு கிளையன்டில் (லஸ்டரைப் பயன்படுத்தும் கணினியில்) 'எல்சிடிஎல் லிஸ்ட்_நிட்ஸ்' என்ற கட்டளையை ஓட்டுங்கள். முகவரியின் வாலில் '@டிசிபி' மட்டும் இருந்தால், நீங்கள் வாங்கிய அட்டை சும்மா கிடக்கிறது. மாட்யூல்களுக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் மோட்ப்ரோப் கோப்பில் 'நெட்வொர்க்ஸ்' விருப்பத்துக்கு எதிரே, இன்ஃபினிபேண்டைக் குறிக்கும் 'ஓ2ஐபி'யும் அந்த இடைமுகத்தின் பெயரும் இருக்க வேண்டும். சர்வரிலும் இதே கதையென்றால் அந்த ஒரு வரி போதாது. பழைய முகவரி வட்டுகளில் பதிந்திருக்கும். அனைத்தையும் நிறுத்தி, அந்தப் பதிவைப் புதிதாக எழுதவைக்கும் 'ரைட்கான்ஃப்' செய்ய வேண்டும். அது அவர் அரைகுறையாக விட்ட வேலை. கூடுதல் கட்டணம் கேட்டால் தராதீர்கள்.

பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடும் வழக்கத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. வலையமைப்பின் வேகத்தைச் சோதிக்கும் எல்நெட் செல்ஃப்டெஸ்டை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டட்டும். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.

கேள்வி: மோட்ப்ரோப் கோப்பைத் திருத்திச் சேமித்தேன். எதுவும் மாறவில்லை. கோப்பு முறைமையில் கோளாறா?

பதில்: இல்லை. மாட்யூல் ஏறும்போதுதான் அந்தக் கோப்பு படிக்கப்படுகிறது. லஸ்டர் மவுன்ட்டை (கணினியில் அது இணைந்திருப்பதை) எடுத்துவிட்டு, மாட்யூல்களை இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்காக 'நெட்வொர்க்ஸ்', 'ஐபி2நெட்ஸ்' இரண்டையும் எழுதி வைத்தேன். எல்நெட் கிளம்பவே இல்லை.

பதில்: இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். ஒரே கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுப்பவர் என்றால், கணினியின் ஐபி முகவரியைப் பார்த்து வலையமைப்பைத் தேர்ந்தெடுக்கும் 'ஐபி2நெட்ஸ்' போதும்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததால் பழைய இன்ஃபினிபேண்ட் அட்டைகள் 16 வாங்கினேன். புதிய கெர்னலில் டிரைவர் ஏறவில்லை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: எந்தக் கெர்னல், எந்த லஸ்டர் பதிப்பு என்று வாங்கும் முன் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அட்டை என்று சொன்னார், அட்டையைக் கொடுத்தார். இதில் அவரை எப்படிக் குறை சொல்வது? என் மேசை இழுப்பறையிலும் இரண்டு அட்டைகள் கிடக்கின்றன. ஒன்றின் கேபிள் முனை மற்றதில் நுழையாது என்பதை, இரண்டையும் கணினியில் பொருத்தித் திருகு முடுக்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

கேள்வி: எல்நெட் டிசிபிக்கு ஃபயர்வாலில் எந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆலோசகர் தனிக் கட்டணம் கேட்கிறார். நியாயமா?

பதில்: 988.