பேஸ்பால்ல ஃபீல்டிங் பண்ணாம பேட்டிங்ல மட்டுமே ஒருத்தர் பெரிய ஆளாக முடியுமா?

தாராளமா முடியும், டெசிக்னேட்டட் ஹிட்டரா ஆடின டேவிட் ஓர்டிஸ பாருங்க. டெசிக்னேட்டட் ஹிட்டர்னா பிட்சருக்கு (பந்து வீசுறவருக்கு) பதிலா பேட்டிங் மட்டும் பண்றவர். டொமினிகன் ரிபப்ளிக்ல பொறந்த இவர 2002 கடைசில மினசோட்டா ட்வின்ஸ் கழட்டி விட்டுச்சு, பாஸ்டன் ரெட் சாக்ஸ் எடுத்துக்கிச்சு.

2004 ப்ளேஆஃப்ல, ஏழு மேட்ச் சீரிஸ்ல ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸ்கிட்ட 3-0ன்னு பின்தங்கி இனி அவ்ளோதான்னு எல்லாரும் நெனச்சப்போ, நாலாவது மேட்ச் நடுராத்திரி தாண்டி, வழக்கமான 9 இன்னிங்ஸையும் தாண்டி 12வது இன்னிங்ஸ் வரை இழுத்துச்சு, பேட்ட கக்கத்துல இடுக்கிகிட்டு கையில துப்பி ரெண்டு கையையும் படார்னு தட்டிட்டு வந்து நிப்பாரே, அந்த மனுஷன் ரைட் ஃபீல்ட் பக்கம் ஒரு ஹோம் ரன் அடிச்சு முடிச்சாரு பாருங்க, இப்ப பாத்தாலும் புல்லரிக்குது. அடுத்த மேட்ச்சும் 14வது இன்னிங்ஸ்ல இவர் அடிச்ச சிங்கிள்தான் ஜெயிக்க வச்சுது. அந்த சீரிஸ ஜெயிச்சு, அப்புறம் ஃபைனலான வேர்ல்ட் சீரிஸையும் ஜெயிச்சு, 86 வருஷம் கழிச்சு அந்த டீமுக்கு கப்!

மொத்தம் 541 ஹோம் ரன், அதுல 38 கடைசி சீசன்ல, 40 வயசுல. 2022ல முதல் வருஷ ஓட்டுலயே, பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல இடம்.