யாழ்ப்பாணத்தில் அன்றாடம் ஓட ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா, எஸ்2000 வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் தன் வயதைச் சொல்லவில்லை. பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றும் ஹொண்டா எஸ்2000 ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன, யாழ்ப்பாணத்தில் வைத்து ஓட எது நல்லது என்று மட்டும் கேட்டிருக்கிறார். கலியாணம் முடிக்காத ஆள், வெளிநாட்டு அண்ணனோ அக்காவோ பாதிக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். 2017இல் ஆர்எக்ஸ்-8 வாங்கும்போது என் நிலையும் அதுதான், கலியாணம் முடித்திருந்தேன் என்பதைத் தவிர.

'சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுது, உமக்கு ஸ்போர்ட்ஸ் காரோ' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அதற்குக் கொடுத்த காசு, அதே மாதம் என் மச்சான் ஒரு சின்ன ஹைபிரிட் காருக்குக் கொடுத்த காசைவிடக் குறைவு. அவரிடம் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. கார் பதிவாக இருந்து, கதவு பின்பக்கமாகத் திறந்தால் மட்டும் ஏன் எல்லாருக்கும் பொருளாதாரம் ஞாபகம் வருகிறது?

சரி, கேள்விக்கு வருகிறேன். எஸ்2000ஐ நான் சொந்தமாக வைத்திருக்கவில்லை. கொழும்பில் ஒரு நண்பருடையதை இரண்டு நாள் ஓட்டினேன், ஒரு தடவை தெற்கு அதிவேக வீதியிலும். கியர் மாற்றுவதற்கு மணிக்கட்டை அசைத்தால் போதும். அந்தச் சுகம் என் காரில் இல்லை, மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு காரும் ஒரே சாதி. இரண்டுமே நிமிடத்துக்கு 9000 சுற்றுவரை போகிற எஞ்சின்கள், சுற்றினால்தான் வலு வரும். எஸ்2000 கிட்டத்தட்ட 6000 சுற்றுக்குக் கீழே சாதாரண 2 லீற்றர் கார்தான். அதற்கு மேலேதான் அதன் குணம் மாறும். எங்களுடைய வீதிகளில் அந்த 6000ஐ எங்கே போய்த் தொடுவீர்கள்? இரண்டாவது கியரை முழுக்க இழுத்தாலே மணிக்கு 90 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். ஊருக்குள்ளே வரம்பு 50, வெளியே 70. மிச்ச நாலு கியரும் சும்மா கிடக்கும். இதையும் கேளுங்கள்: 3 லீற்றர் டேர்போ டீசல் ஹையேஸ் வானுக்கு 300 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை, அதாவது சில்லைச் சுழற்றி இழுக்கிற வலு. இந்த இரண்டு காருக்கும் 220கூட வராது. சந்தியில் விளக்கு பச்சையானதும் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகிற ஹையேஸ் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பல தடவை.

எஸ்2000இல் இரண்டு சீற்தான். கூரை சீலை, எங்கள் வெயிலுக்கு அது எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஆர்எக்ஸ்-8இல் நாலு பேர் இருக்கலாம். முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும், அதுவும் எதிர்ப்பக்கமாக. நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால், இரண்டு கதவுக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவில் அம்மா சேலையோடு மாட்டிக்கொண்டு நிற்பார். முன்கதவைச் சாத்தினால்தான் வெளியே வரலாம், ஆனால் அதைச் சாத்துவதற்கு முதல் பின்கதவைச் சாத்தியாக வேண்டும்.

இப்போது ஆர்எக்ஸ்-8இன் எஞ்சினைப் பற்றி. சாதாரண பிஸ்டன் இல்லை, ரோட்டரி. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர் சுழலும், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308. ரோட்டரின் முனைகளில் காற்றுக் கசியாமல் அடைக்கிற சீல்கள் தேயாமல் இருக்க எஞ்சினே தன் ஓயிலில் கொஞ்சத்தை உள்ளே விட்டு எரித்துக்கொள்ளும். அது பழுது அல்ல, அமைப்பே அப்படித்தான். எனக்கு ஏறக்குறைய 2000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஓயில் போனது. இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஓயில் பார்க்கவேண்டும். பார்க்காதவரிடம் இந்தக் கார் போனால் அதன் ஆயுள் அவ்வளவுதான். 1991இல் லு மான்ஸ் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தை வென்றது ரோட்டரி எஞ்சின் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம். தெரியும். வென்ற அந்த மாஸ்டா 787பி காருக்கு நாலு ரோட்டரும் பின்னால் ஒரு பட்டாளம் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். எனக்கு இருந்தது அப்பா ஒருவர்தான்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

2018இல் ஒரு நாள் பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் வீடு கட்ட ஒரு ரிப்பர் லொறி மணல் எடுப்பித்தார். ரிப்பர் திரும்ப இடமில்லை, காரைக் கொஞ்சம் எடுக்கச் சொன்னார்கள். ஸ்டார்ட் பண்ணி இருபது யார் தள்ளி விட்டுவிட்டு நிறுத்தினேன். ஒரு நிமிடமும் இல்லை. அடுத்த நாள் காலை கார் உயிர் வரவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் சுற்றுகிறது, பற்றுகிறதில்லை. பத்தாவது தடவை பற்றரியும் படுத்துவிட்டது. ஒழுங்கையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒரு மாமா, "தம்பி, தள்ளிப் பாப்பமோ?" என்று கேட்டுவிட்டு மணல் கும்பியைப் பார்த்துத் தானே சிரித்தார்.

ஒரு கராஜில் இருந்து ஆள் வந்து பார்த்து, பெற்றோல் பம்ப் போய்விட்டது, கொழும்பில் இருந்துதான் எடுப்பிக்கவேண்டும் என்றார். முற்பணமும் வாங்கிப் போனார். அந்தக் காசைத் திருப்பி எடுத்தது வேறொரு கதை.

அப்பா அதுவரை அந்தக் காரைத் தொட்டதில்லை. வாங்கிய நாளில் இருந்து அதைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அவர் அந்தக் காலத்து ஹயர் கார்க்காரர். ஒஸ்ரின் ஏ40, 1200 சிசி, 42 குதிரை வலு. 90க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாத வருடங்களில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் ஒரு சின்னச் சூப்பிப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். காப்பரேற்றருக்குள் நாலு துளி பீச்சி ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்த நாலு துளியில் ஒன்று நிலத்தில் சிந்தினால் எனக்கு அடி விழும். 95 இடப்பெயர்வில் எங்களைக் கொடிகாமம்வரை கொண்டுபோனதும் அந்தக் கார்தான்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று பின்னேரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். புகைக் குழாயில் மூக்கை வைத்தார். "என்னெண்டு உது ஸ்டார்ட் வரும்? உள்ளுக்க முழுக்கப் பெற்றோலெல்லோ!"

அதுதான் விஷயம். குளிர்ந்த ரோட்டரி எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெற்றோலை அள்ளிக் குடிக்கும். சூடேறும் முன்பு நிறுத்தினால் எரியாத பெற்றோல் உள்ளேயே தங்கி, சீல்களில் உள்ள ஓயிலைக் கழுவிவிடும். பிளக் நனைந்துவிடும், உள்ளே காற்றை நெருக்குகிற அமுக்கமும் போய்விடும். இதை நான் ஆயிரம் பக்கம் வாசித்திருந்தேன், காரை நகர்த்திய அந்த ஒரு நிமிடம் மறந்துவிட்டேன். அப்பா எதையும் வாசிக்கவில்லை.

இடது முன்சில்லைக் கழற்றினோம். அந்தப் பக்கத்தால்தான் பிளக்குகளுக்குக் கை போகும். நாலு பிளக்கையும் எடுத்து அம்மாவின் காஸ் அடுப்பில் சுட்டார், பப்படம் சுடுகிற மாதிரி. பிளக் ஓட்டைகளுக்குள் ஒவ்வொரு கரண்டி ஓயில் விட்டார். தேய்ந்த ஏ40 எஞ்சினுக்குச் செய்த வைத்தியம் அது. மச்சானின் பற்றரியைக் கொடுத்து, அக்சிலேட்டரை அடிவரை அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். இந்தக் காரில் அப்படி அமத்தினால் பெற்றோல் வருவது நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்டேன். "காத்து உள்ளுக்கப் போகவேணுமெல்லே" என்றார். மூன்றாவது தடவை பற்றியது. ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை, பனை வடலி தெரியவில்லை. அப்பா புகைக்குள் நின்றுகொண்டு, "நாலு துளிக்கு நாங்கள் பட்ட பாடு, உனக்குப் பெற்றோல் கூடி நிண்டுபோச்சு" என்று சொல்லிச் சிரித்தார், இருமினார், திரும்பவும் சிரித்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிட்டது அவர்தான்.

அந்த மணலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஐந்து மாதம் கிடந்தது. சல்லிக்கல் வேறு. ஒழுங்கை அந்தக் காணிக்காரருடைய அப்பன் வீட்டு முற்றமா? முதல் மழைக்கு மணல் வடிந்து என் கேற்றடி மதகை அடைத்தது, வெள்ளம் என் வளவுக்குள் வந்தது. போய்ச் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னேன், எழுத்தில் கொடு என்றார்கள், கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை. வீடு கட்டுகிறவன் மணலைத் தன் காணிக்குள் பறிக்கவேண்டும் என்று யாராவது ஒரு சட்டத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் பரவாயில்லை.

2022இல் என்ன நடந்தது என்றும் கேட்பீர்கள். 95 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 550 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் அட்டை, காருக்கு வாரம் 20 லீற்றர். என் காருக்கு ஊருக்குள் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர். 20ஐ ஆறால் பெருக்கிப் பாருங்கள், ஒரு வாரம் அதற்குள். வேலைக்குச் சைக்கிளில் போனேன். 2023இல் குருநாகலில் இருந்து வந்த ஒருவருக்கு விற்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குச் சிங்களம் கொஞ்சம். அப்பா பிளக் ஸ்பனரை வாங்கியவர் கையில் கொடுத்து, அடுப்பைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்எக்ஸ்-8தான் என்றால், நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சூட்டில் உடனே பற்றாமல் இழுத்தால் அமுக்கம் போய்விட்டது, காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கம் அளப்பதென்றால் ரோட்டரிக்கென்றே உள்ள மானியால் அளக்கவேண்டும், சாதாரணமானது பொய் சொல்லும். எஸ்2000 என்றால் கூரைச் சீலையையும், விபத்தில் அடிபட்டுத் திருத்தியதா என்பதையும் பாருங்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு மாஸ்டாவின் பழைய எம்எக்ஸ்-5 ஒன்றைத் தேடச் சொல்வேன். 1.6 லீற்றர், எடை ஒரு தொன்தான் வரும், 50இல் போனாலே ஓடுவது போல இருக்கும். அதிலும் இரண்டு சீற்தான், தெரியும், எழுத வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்பு ஒரு வேலை. இந்தக் கார்களுக்கெல்லாம் அடிப்பக்கத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் சுமார் ஐந்து அங்குலம்தான். ஒரு அடிமட்டம் எடுத்துக்கொண்டு உங்கள் கேற்றடி மதகு வீதியில் இருந்து எவ்வளவு உயரம், ஒழுங்கை எவ்வளவு அகலம், பக்கத்தில் யாராவது வீடு கட்டுகிறார்களா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். பிறகு எந்தக் கார் என்று பேசுவோம்.