மோசல் ரீஸ்லிங்: கேட்டதும் சொன்னதும்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை, அதன் ஒயின் பற்றி வந்த கேள்விகள் இவை. சிவப்பு ஒயின் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் பேட்டை இல்லை.

கேள்வி: இந்தத் திராட்சை எந்த ஊர்?

பதில்: ரைன் பகுதி. அங்குள்ள ரூசல்ஸ்ஹைம் ஊரில் 1435-ஆம் ஆண்டுக் கணக்கில், ரீஸ்லிங் கொடி வாங்கிய செலவு எழுதியிருக்கிறது. மோசலில் இது பெருகக் காரணம் மோசல் கரை நகரமான டிரியரை ஆண்ட கிளெமென்ஸ் வென்சஸ்லாஸ். மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்லதை நடச் சொல்லி 1787-இல் ஆணையிட்டார்.

ஊரை விட நிலம்தான் சுவாரசியம். கால்மோன்ட் என்ற சரிவு ஏறக்குறைய 65 டிகிரி. டிராக்டர் ஏறாது, ஒற்றைத் தண்டவாள வண்டியில் ஆள் போய்க் கையால் பறிக்க வேண்டும். காலடியில் சிலேட் கல் சில்லுகள். பகலில் வாங்கிய வெயிலை அவை இரவில் விடும். அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பழம் பழுக்க அந்தச் சூடு வேண்டும். மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு குறைவதில்லை. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், பீச் வாசனை எல்லாம் அந்தப் புளிப்பின் மேல்தான் நிற்கின்றன.

கேள்வி: ரீஸ்லிங் இனிப்பா?

பதில்: இனிப்பாகவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. 12 என்றால் பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்திருக்கும். ‘ட்ரோக்கன்’ (Trocken) என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது.

கேள்வி: கபினெட் இனிக்குமா?

பதில்: கபினெட் என்பது லேசான வகை ஒயின். இனிப்புக்கு மேலே பாருங்கள். சதவீதம்.

கேள்வி: என் பாட்டிலில் பெட்ரோல் வாசனை. கெட்டுப்போச்சா?

பதில்: இல்லை. டிடிஎன் என்ற சேர்மம் அது. பழத்தின் கரோட்டினாய்டு உடைந்து, பாட்டிலில் வயதாக ஆக உருவாகிறது. வெயில் அதிகம் பட்ட பழத்தில் கூடுதல்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியென்றால் அது குறைதானே? வியாபாரிகள் அதைப் பெருமை ஆக்கிவிட்டார்கள்.

பதில்: பாதி சரி. ரெண்டு வயது ஒயினில் அது மூக்கில் அடித்தால் எனக்கும் பிடிக்காது. ஜெர்மன் தயாரிப்பாளர்கள் பலரும் ரசிப்பதில்லை. ஆனால் இருபது வயது ஒயினில், தேனும் காய்ந்த ஆப்ரிகாட்டும் சேர்ந்து வரும்போது, அது வேண்டும்.

கேள்வி (இன்னொருவர்): ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி ஒயினில் சீக்கிரமே வருகிறதே. அதைக் குறை சொல்வீர்களா?

பதில்: அங்கே வெயில் அதிகம், சீக்கிரம்தான் வரும். அளவாக இருந்தால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ரோல் இல்லாவிட்டால் ரீஸ்லிங்கே இல்லை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இத்தோடு இதை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எதோடு குடிக்கலாம்?

பதில்: அந்த ஊர்க்காரர்கள் டிரவுட் மீனும் புகையூட்டிய பன்றிக்கறியும் வைப்பார்கள். காரமான சாப்பாட்டுக்கு எட்டு சதவீதக் கபினெட். ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிடும், சர்க்கரை தணிக்கும். புளி விட்ட மீன் குழம்புக்கும் இது நிற்கும். ஒயினில் புளிப்பு குறைவாக இருந்தால் குழம்புக்குப் பக்கத்தில் சப்பென்றாகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள், வாசனை வரட்டும்.

கேள்வி: ஸ்வீட்டா, டிரையா என்று எப்படித் தெரியும்?

பதில்: சதவீதம், ஐயா, சதவீதம்.

கேள்வி: ஐஸ்வைன் என்றால் ஐஸ் போட்டதா?

பதில்: இல்லை. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்த பழத்தை அப்படியே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக நின்றுவிடும், கெட்டியான சாறு மட்டும் வரும். ஐஸ் போட்டால் அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றுகிறீர்கள்.