கவுன்சில் சேர்ச் தாமதமாகிறதா? இங்கிலாந்தில் வீடு வாங்குவோர், விற்போர் கேள்விகள்

கேள்வி: மோர்ட்கேஜ் ஆஃபர் வந்துவிட்டது, சர்வேயும் முடிந்துவிட்டது. ஆறு வாரமாக "லோக்கல் சேர்ச் (வீடு பற்றிக் கவுன்சிலிடம் உள்ள பதிவுகளின் தேடல்) வரவில்லை" என்ற ஒரே பதிலைத்தான் சொலிசிட்டர் தருகிறார். அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது என்று முதலில் கேளுங்கள். ஆறு வாரம் என்பது நீங்கள் சொலிசிட்டரை நியமித்த நாளிலிருந்து வரும் கணக்காக இருக்கலாம். சேர்ச்சுக்கான பணமும் அடையாள ஆவணங்களும் கைக்கு வரும்வரை பல அலுவலகங்கள் விண்ணப்பத்தை அனுப்புவதில்லை. எல்லையைச் சிவப்பில் குறித்த வரைபடம் இல்லாமல் போனாலோ, புதிதாகக் கட்டிய வீட்டுக்கு இன்னும் முகவரி பதியப்படாமல் இருந்தாலோ விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அப்படியானால் நாட்களை மறுபடி முதலிலிருந்துதான் எண்ண வேண்டும்.

அடுத்து, எந்தப் பாதி நிற்கிறது என்று கேளுங்கள். லோக்கல் சேர்ச் என்பது இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று எல்எல்சி1. காணியின் மேல் ஏறியிருக்கும் கட்டுப்பாடுகளின் பதிவேட்டைப் பார்ப்பது அது: மரப் பாதுகாப்பு ஆணை, பாதுகாக்கப்பட்ட பகுதி, பட்டியலிடப்பட்ட கட்டடம், திட்ட அனுமதியோடு வந்த நிபந்தனைகள், புகைக் கட்டுப்பாட்டு வலயம் போன்றவை. மற்றது கான்29. இது கவுன்சிலிடம் கேட்கும் கேள்வித்தாள்: பழைய திட்ட அனுமதிகள், கட்டட விதிமுறைச் சான்றுகள், வீட்டு முன் வீதி யார் பராமரிப்பில் இருக்கிறது, அருகில் வீதித் திட்டம் ஏதும் உண்டா, அமலாக்க அறிவித்தல் வந்திருக்கிறதா என்பவை.

2015ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டத்தின்படி எல்எல்சி1 பதிவேடுகள் ஒவ்வொரு கவுன்சிலாக லாண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு (அரசின் காணிப் பதிவகத்துக்கு) மாறி வருகின்றன. 2018இல் வாரிக் மாவட்டத்தில் இது தொடங்கியது. மாறிவிட்ட இடங்களில் அந்தப் பாதி பெரும்பாலும் இணையத்தில் உடனே கிடைக்கும். ஆனால் கான்29 எங்கும் கவுன்சிலிடமே இருக்கிறது. ஆகவே, "எங்கள் கவுன்சில் மாறிவிட்டதே, பிறகேன் தாமதம்?" என்று கேட்டால் விடை அந்தக் கேள்வித்தாளில்தான் இருக்கும். திட்டமிடல், கட்டடக் கட்டுப்பாடு, சுற்றுச்சூழல் சுகாதாரம், வீதிகள் என்று ஒவ்வொரு பிரிவும் தன் பங்கை எழுதித் தர வேண்டும். ஒரு பிரிவு தரவில்லை என்றாலும் முழு அறிக்கையும் நிற்கும். லண்டன் பரோக்களில் இவை பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. கென்ட் போன்ற இடங்களில் மாவட்டக் கவுன்சிலிடம் விண்ணப்பித்தாலும் வீதி பற்றிய பதில் மாவட்டத்துக்கு மேலே உள்ள கவுண்டி கவுன்சிலிடமிருந்து வர வேண்டும். அதுதான் பாக்கி என்று தெரிந்தால், கவுண்டியின் வீதிப் பிரிவுக்கே நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா என்று சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல கவுன்சில்கள் தற்போது எத்தனை வேலை நாட்கள் எடுக்கின்றன என்று தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. விண்ணப்பத் தேதியோடு அதை ஒப்பிட்டால் காத்திருப்பதா, துரத்துவதா என்று தெரியும். சில இடங்களில் கூடுதல் கட்டணத்துக்கு விரைவுச் சேவையும் உண்டு. முறைப்பாடு செய்யலாம், முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன்வரை போகலாம். ஆனால் அது முடிவதற்குள் சேர்ச் வந்துவிடும்.

கேள்வி: தனியார் நிறுவனம் மூலம் எடுத்தால் விரைவாக வருமா? வங்கி ஏற்குமா?

பதில்: பல இடங்களில் விரைவாக வரும். வங்கி ஏற்குமா என்பதை உங்கள் சொலிசிட்டர் யூகே ஃபைனான்ஸ் என்ற வங்கிகளின் அமைப்பு வெளியிடும் கையேட்டின் இரண்டாம் பகுதியில், உங்கள் வங்கியின் பெயருக்கு நேரே பார்த்துச் சொல்லிவிடலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த அறிக்கை வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கவுன்சில் பதிவைப் பார்த்து எழுதிய பதில் எது, தகவல் கிடைக்காததால் காப்புறுதியால் மூடிய பதில் எது என்று கேள்வி கேள்வியாகப் பாருங்கள். கட்டட விதிமுறை, வீதி ஆகிய இரண்டையும் குறிப்பாகக் கவனியுங்கள். பின்புறம் நீட்டிக் கட்டிய வீட்டில் கட்டட விதிமுறைப் பதில் வெறும் காப்புறுதியாக இருந்தால், உங்களுக்கு வேண்டிய தகவல் இன்னும் வரவில்லை என்றே பொருள்.

கவுன்சிலின் தரவே முடங்கினால் தனியாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 2020 அக்டோபரில் லண்டனின் ஹாக்னி கவுன்சில் மீது நடந்த சைபர் தாக்குதலுக்குப் பிறகு அங்கே வீடு வாங்கியவர்கள் சேர்ச் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள்.

கேள்வி: "சேர்ச்சுக்குப் பதில் காப்புறுதி எடுத்து எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம்) செய்துவிடுவோம்" என்று ஏஜென்ட் நெருக்குகிறார். செய்யலாமா?

பதில்: சொந்த வீட்டை ரீமோர்ட்கேஜ் செய்பவருக்கு இது பெரும்பாலும் பொருத்தம். பல ஆண்டுகளாகக் குடியிருப்பவருக்கு அந்த வீட்டின் வரலாறு தெரியும். புதிதாக வாங்குபவர் அவசரத்துக்கு எடுப்பதை நாங்கள் விரும்பவில்லை.

அந்தக் காப்புறுதி, சேர்ச்சில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு குறை பின்னால் வெளிப்பட்டு வீட்டின் மதிப்புக் குறைந்தால் பணம் தரும். பின்கட்டை இடிக்கச் சொல்லும் அறிவித்தலை அது நிறுத்தாது. திட்ட அனுமதி இல்லாத கட்டடம் 2024 ஏப்ரல் 25க்கு முன் பெருமளவில் முடிந்திருந்தால் கவுன்சிலுக்கு நடவடிக்கை எடுக்க நான்கு ஆண்டு அவகாசமே உண்டு. அந்தத் தேதியிலோ பிறகோ முடிந்திருந்தால் இங்கிலாந்தில் பத்து ஆண்டு. புதிதாகக் கட்டிய பின்கட்டு உள்ள வீட்டில் இந்த ஆபத்து உங்கள் தலையில் நீண்ட காலம் இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் முடிந்தபின் கவுன்சில் சார்ந்த குறை தெரியவந்தால், வழக்கமான விற்பனை நிபந்தனைகளின்படி அது வாங்குபவரின் பொறுப்பு. பின்வாங்கினால், வழக்கமாக விலையில் பத்து வீதமாக இருக்கும் டிபாசிட் போகும். கட்டாயம் முந்தித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றைப் பாருங்கள்: வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா, கவுன்சிலின் திட்டமிடல் இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடிப் பார்த்தீர்களா, விற்பவரிடம் கட்டட முடிவுச் சான்று இருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் ஏஜென்டைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் விற்பவன். வாங்குபவர் வருமுன் நானே சேர்ச் எடுத்து வைக்கலாமா?

பதில்: ஏலத்துக்குப் போகும் வீடுகளில் இது வழமைதான். மற்ற விற்பனையில் உங்கள் கவுன்சில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றிரண்டு வாரத்தில் தரும் கவுன்சிலுக்கு வீண் செலவு. எட்டு வாரம் எடுக்கும் இடத்தில், விளம்பரம் போடும் நாளிலேயே எடுப்பது நல்லது. ஆனால் வாங்குபவரின் சொலிசிட்டரும் வங்கியும் அதை ஏற்க வேண்டும், அதுவும் பழையதாகிவிடக் கூடாது.

எதுவானாலும், டிஏ6 படிவத்தை (விற்பவர் வீட்டைப் பற்றித் தரும் விபரப் படிவம்) நிரப்பி, திட்ட அனுமதி, கட்டட முடிவுச் சான்று, ஜன்னல் மாற்றியிருந்தால் ஃபென்சா சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். சான்று ஒன்று தொலைந்திருந்தால் அவசரப்பட்டுக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். விதிமீறல் பற்றிக் கவுன்சிலோடு கதைத்துவிட்டால், அந்தக் குறைக்குப் பின்னால் காப்புறுதி கிடைப்பது பெரும்பாலும் இல்லாமல் போகும். முதலில் சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சேர்ச் ஐந்து மாதத்துக்கு முன் வந்தது. சங்கிலியில் (ஒன்றையொன்று சார்ந்த விற்பனைகளின் வரிசையில்) மேலே உள்ளவர் இன்னும் தயாராகவில்லை. அது செல்லுமா?

பதில்: கம்ப்ளீஷன் நாளில் (மீதிப் பணம் கொடுத்துச் சாவி வாங்கும் நாளில்) சேர்ச் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது மோர்ட்கேஜ் வங்கிகளின் பொதுவான விதி. மார்ச் 3 தேதியிட்ட அறிக்கை செப்டம்பர் 3 வரைதான் உதவும். எக்ஸ்சேஞ்ச் தேதியை வைத்துக் கணக்குப் போடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. லாண்ட் ரெஜிஸ்ட்ரியிடம் எடுத்த எல்எல்சி1 என்றால், வாங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதை இலவசமாக மறுபடி எடுக்கலாம். கான்29ஐப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதற்கு 20 வீத வாட் வரியும் உண்டு. உங்கள் கவுன்சில் ஆறு வாரம் எடுக்கும் என்றால், சங்கிலி எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே மறுவிண்ணப்பம் போடச் சொல்லுங்கள். மோர்ட்கேஜ் ஆஃபர் முடியும் தேதியையும் கூடவே பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒரே மாதத்தில் காலாவதியாவது சாதாரணமாக நடக்கிறது.