கணினிக் கேள்வி பதில்: அப்டேட் வந்தது, வைஃபை போனது

கேள்வி: அண்ணா, நான் உயர்தரம் படிக்கிறேன். போன வாரம் லெப்டொப்பில் விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று ஏறியது. அதற்குப் பிறகு வைஃபை விட்டு விட்டுத்தான் வருகிறது. சூமில் சேர் கணக்கு செய்து காட்டும்போதே படம் அப்படியே நின்றுவிடும். ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். ஆனால் பக்கத்திலேயே அப்பாவின் போன் அதே வைஃபையில் நன்றாக ஓடுகிறது. டவுனில் ஒரு கடையில் புது ரவுட்டர் வாங்கு, இல்லாவிட்டால் போர்மட் பண்ணு என்கிறார்கள். எங்களுடையது பழைய லயத்து வீடு. சிக்னல் கிடைப்பது முன் ஜன்னலில் மட்டும்தான், அதனால் ரவுட்டர் அங்கே, நான் படிப்பது பின்னறையில்.
– வாசகி, மஸ்கெலியா

பதில்: ரவுட்டர் வாங்கும் காசை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. அதே அறையில் போன் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ரவுட்டரையும் லைனையும் குறை சொல்ல முடியாது, கோளாறு பெரும்பாலும் லெப்டொப்பில்தான். போர்மட் இப்போதைக்கு வேண்டாம்.

அப்டேட்டோடு சில சமயம் வைஃபை ட்ரைவரும், அதாவது வைஃபை கருவியை விண்டோஸோடு சேர்த்து இயக்கும் சின்ன மென்பொருளும், மாறிவிடும். அப்படி மாறும்போது அதன் செட்டிங்ஸும் பழையபடி கம்பனி வைத்த நிலைக்குப் போய்விடலாம், யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடெப்டர்ஸ் என்பதற்குக் கீழே வைஃபை பெயர் உள்ளதை இரண்டு முறை தட்டுங்கள். பவர் மனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற கருத்தில் ஒரு சரி அடையாளம் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். மூடித் திறந்ததும் வைஃபை படுத்துக்கொள்வதற்குப் பல லெப்டொப்களில் இதுதான் காரணம். சில புது லெப்டொப்களில் அந்தப் பகுதியே இருக்காது, அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ட்ரைவர் பகுதிக்குப் போய் ரோல் பேக் ட்ரைவரை அழுத்துங்கள், பழைய ட்ரைவர் திரும்பி வரும். அது மங்கலாக, அழுத்த முடியாதபடி இருந்தால் லெப்டொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்தே வைஃபை ட்ரைவரை இறக்கிப் போட வேண்டும். வைஃபையே ஒழுங்காக இல்லாதபோது எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். அப்பாவின் போனை சார்ஜர் கேபிளால் லெப்டொப்பில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போன் வைஃபையில் இருந்தால் பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியாகக் கொடுக்கும், டேட்டா கார்ட் கரையாது. பரீட்சை நேரத்தில் அவசரத்துக்கும் இந்த வழி போதும்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்கு முக்கியமானது. ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. பழைய லயத்துக் கருங்கல் சுவர் இரண்டைக் கடந்து பின்னறைக்கு வரும்போது அது களைத்துவிடும். புது ட்ரைவர் 5-ஐப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறதோ என்னவோ. அதே அடெப்டரின் அட்வான்ஸ்ட் பகுதியில் பிரிஃபர்ட் பேண்ட் இருந்தால் 2.4-ஐத் தெரிவு செய்து பாருங்கள். சூம் வகுப்புக்கு அந்த வேகம் தாராளம். ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவே தகரத்தாலான அலுமாரி இருந்தால் கொஞ்சம் நகர்த்துங்கள், உலோகம் சிக்னலைத் தடுக்கும்.

இதெல்லாம் செய்தும் சரிவராவிட்டால் மட்டும், நெட்வொர்க் செட்டிங்ஸை முதல் நிலைக்குக் கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட். அது சேமித்த வைஃபை பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்துவிடும், முதலில் எழுதி வையுங்கள்.

கேள்வி: அப்டேட்டையே நிறுத்திவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். விண்டோஸ் 11-இல் 5 வாரம் வரை தள்ளிப்போடலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் போஸ் (Pause) என்று இருக்கும். பரீட்சைக்கோ முக்கியமான இணைய நேர்முகத்துக்கோ முந்திய வாரத்தில் அதைப் போட்டுவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.