லினக்ஸ் போடேக்க டிஸ்க் அழிஞ்சு போச்சோ? கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

வணக்கம். கிளிநொச்சியில கரடிப்போக்குப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துற சின்னக் கடை வச்சிருக்கிறன். போன கிழமை மட்டும் மூண்டு பேர் லினக்ஸ் போடப் போய் டிஸ்க்கை அழிச்சிட்டு வந்தவை, மூண்டு பேரும் என்னட்ட வர முதல் வீட்டில ரெண்டு நாள் ஏதேதோ செய்து பாத்திட்டுத்தான் வந்தவை, அதிலதான் கனக்கப் போச்சு. அதால இண்டைக்கு இரவு முழுக்க இருக்கிறன், உங்கட ஊர்ப் பேரைப் போட்டு, என்ன நடந்தது எண்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.

பரந்தன்: அண்ணை, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லப்டொப்புக்கு உபுண்டு எண்ட லினக்ஸ் போட்டனான். விண்டோஸ் மட்டும் போகும் எண்டு நினைச்சு டிஸ்க்கை அழிச்சுப் போடுற ஒப்ஷனைக் குடுத்திட்டன், டி டிரைவும் சேந்து போச்சு. அதிலதான் ஏ எல் நோட்ஸும் அம்மம்மான்ர படங்களும் கிடந்தது. இப்ப அந்த லப்டொப்பிலதான் எழுதுறன்.

தம்பி, இதை வாசிச்ச உடன அந்த லப்டொப்பை நிப்பாட்டு. மிச்சத்தைப் போனில வாசி. ஏன் அவ்வளவு அவசரம் எண்டு சொல்லுறன், விளங்கினாத்தான் நீ திருப்பிப் போடமாட்டாய். அந்த ஒப்ஷன் டிஸ்க் முழுக்கத் துடைக்கிறேல்லை, எந்த டிரைவ் எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு எழுதி வச்ச அட்டவணையை மாத்திப்போட்டு, முழு டிஸ்க்கையும் ஈஎக்ஸ்டி4 எண்ட, லினக்ஸ் ஃபைல் வைக்கிற முறைக்குப் போர்மட் பண்ணுது. உன்ர படங்களில கன பங்கு இப்பவும் இருந்த இடத்திலயே கிடக்கு. ஆனா ஈஎக்ஸ்டி4 தனக்கு வேண்டிய ஐநோட் அட்டவணைகளை, அதாவது எந்த ஃபைல் எங்க கிடக்கு எண்ட கணக்கை, ஒரு மூலையில வைக்கிறேல்லை, டிஸ்க் நெடுகப் பரவி வைக்கும், 500 ஜிபிக்கு அது எல்லாமாக் கிட்டத்தட்ட 8 ஜிபி வரும். போர்மட் பண்ணேக்க அதையெல்லாம் உடன எழுதி முடிக்காது, பேந்து நீ மெசினைப் போட்டு வச்சிருக்கேக்க பின்னால இருந்து மெள்ள மெள்ளப் பூச்சியம் எழுதிக்கொண்டு போகும். நீ ஒண்டும் சேவ் பண்ணாமச் சும்மா எனக்கு எழுதிக்கொண்டு இருந்தாலும் அங்க அழியுது. அதுதான் நிப்பாட்டச் சொன்னனான்.

இனி, வேற ஒரு கொம்பியூட்டரில லைவ் பென் (இன்ஸ்டோல் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற பென் டிரைவ்) ஒண்டு செய். பிறகு 500 ஜிபியை விடப் பெரிய டிஸ்க் ஒண்டு வேணும், அதை ஃபேட்32 இல்லாம வேற எதிலயாவது போர்மட் பண்ணி வை, ஃபேட்32 இல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் வைக்க ஏலாது. லைவில லப்டொப்பை ஏத்தி, இன்ஸ்டோல் எண்டதைத் தொடாம, டிடிரெஸ்க்யூ எண்ட சாமானால பழைய டிஸ்க்கை அப்பிடியே ஒரு இமேஜ் ஃபைலா, அதாவது முழு டிஸ்க்கின்ர பிரதியா, புது டிஸ்க்குக்கு எடு. எது மூலம், எது போற இடம் எண்டு டிஸ்க் சைஸைப் பாத்து ரெண்டு தரம் சரி பார், மாறிக் குடுத்தா எல்லாம் முடிஞ்சுது. மணித்தியாலக்கணக்கா ஓடும், ஓடட்டும். எடுத்த பிறகு மூலத்தைக் கழட்டி வச்சிட்டு இமேஜிலதான் வேலை. அழிஞ்ச பார்ட்டிஷனை (டிஸ்க்கில ஒரு டிரைவுக்குப் பிரிச்ச பகுதியை) தேடுற டெஸ்ட்டிஸ்க் எண்ட சொப்ட்வெயாரில அனலைஸ், பிறகு குயிக் சர்ச், அதில டி டிரைவ் வரேல்லை எண்டா டீப்பர் சர்ச். விண்டோஸ் ஃபைல் வைக்கிற முறையான என்டிஎஃப்எஸ், பார்ட்டிஷன்ர விபரம் எழுதின பூட் செக்டரின்ர பிரதி ஒண்டைப் பார்ட்டிஷன்ர கடைசியிலயும் வச்சிருக்கும், அதைப் பிடிச்சு எடுக்கும் எண்டு எனக்கு நம்பிக்கை இருக்கு. சி டிரைவைப் பற்றி யோசிக்காதை, உபுண்டு அதுக்கு மேலதான் வந்து இருந்திருக்கும்.

ஒட்டுசுட்டான்: நான் டெஸ்ட்டிஸ்க் ஓட்டி பழைய பார்ட்டிஷன் பச்சையா வந்திட்டுது அண்ணை. ரைட் (டிஸ்க்கில எழுது எண்டது) குடுக்கவோ?

குடுக்காதைங்கோ, பொறுங்கோ. அந்த வரியில நிண்டு கொண்டு பி எண்ட எழுத்தை அமத்துங்கோ, உள்ளுக்க இருக்கிற போல்டர்கள் பேரோட தெரியுதோ எண்டு பாருங்கோ. தெரிஞ்சா அங்க நிண்டே வேணுமெண்டதைத் தெரிவு செய்து வேற டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கலாம், மூல டிஸ்க்கில ஒரு எழுத்தும் எழுதத் தேவையில்லை. எல்லாம் எடுத்து, திறந்து பாத்த பிறகு வேணுமெண்டா ரைட் குடுங்கோ. பார்ட்டிஷனை டிலீட் மட்டும் பண்ணிப் போர்மட் பண்ணாம விட்ட ஆக்களுக்கு இது பத்து நிமிச வேலை, கவலைப்படத் தேவையில்லை.

புதுக்குடியிருப்பு: லைவ் பென் செய்யேக்க பென்னுக்குப் பதிலா 1 டிபி எக்ஸ்டேர்னலைத் தெரிவு செய்திட்டன். இப்ப அது 5 ஜிபி டிஸ்க் மாதிரித்தான் காட்டுது. அதில அப்பான்ர படங்கள். 2009 இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள், கனடாவில இருந்து சித்தி ஸ்கான் பண்ணி அனுப்பினதுதான் எங்களிட்ட இருந்தது.

தங்கச்சி, முதல் வேலையாச் சித்திட்டக் கேளுங்கோ, அவவின்ர கொம்பியூட்டரிலயோ பழைய மெயிலிலயோ அந்த ஸ்கான் இன்னும் கிடக்கலாம். வெக்கப்படாமக் கேளுங்கோ, எங்கட சனத்திட்ட அல்பம் எண்ட ஒண்டு மிஞ்சினதே அரிது, அதுக்குப் பிறகு வெளிநாட்டில இருந்து ஒண்டு ரெண்டாத் திரும்பி வந்த படங்கள்தான். என்ர கடைக்கு வாற டிஸ்க் எல்லாத்திலயும் நான் முதல் தேடுறது அந்த மாதிரிப் போல்டரைத்தான்.

டிஸ்க் விசயம் உள்ளபடி சொல்லுறன். பென்னில எழுத வேண்டிய அந்த லினக்ஸ் ஃபைல், ஐஎஸ்ஓ எண்டு பேர், டிஸ்க்கின்ர முன்பக்க 5 ஜிபியை மட்டும்தான் அழிச்சிருக்கு, மிச்சம் 900 சொச்ச ஜிபியில ஒண்டும் எழுதப்படேல்லை. சிக்கல் என்னெண்டா, என்டிஎஃப்எஸ் ஃபைல் பேர், போல்டர், எது எங்க கிடக்கு எண்ட கணக்கு எல்லாத்தையும் எம்எஃப்டி எண்ட ஒரு இடத்தில வச்சிருக்கும், அது வழமையாப் பார்ட்டிஷன் தொடங்கி 3 ஜிபி தள்ளித்தான் இருக்கும், அப்ப உங்கட அந்த 5 ஜிபிக்குள்ள அது போயிருக்கும். படம் கிடக்கும், பேர் கிடையாது. இமேஜ் எடுத்திட்டுப் போட்டோரெக் ஓட்டுங்கோ, அது அட்டவணையைப் பாக்காது, ஒவ்வொரு ஃபைலும் தொடங்கிற அடையாளத்தைப் பாத்துப் பிடுங்கி எடுக்கும். ஜேபெக்கை மட்டும் தெரிவு செய்யுங்கோ, இல்லாட்டி குப்பையெல்லாம் வந்து சேரும். ஆயிரக்கணக்கில சின்னச் சின்னப் படமும் வரும், சைஸின்ர படி அடுக்கினா ஸ்கான் படங்கள் பெரிசா மேல நிக்கும். ஒரு நாள் இருந்து பாக்கோணும், வீட்டில ரெண்டு பேராப் பாருங்கோ. போட்டோரெக் ஃப்ரீ, காசு கேக்கிற சொப்ட்வெயார் ஒண்டும் வாங்காதைங்கோ.

மல்லாவி: என்ர எஸ்எஸ்டி அண்ணை. பரந்தன் ஆள் செய்த அதே பிழை. டெஸ்ட்டிஸ்க்கில ஒண்டும் வரேல்லை.

இதைச் சொல்லக் கஷ்டமாக் கிடக்கு. எஸ்எஸ்டி எண்டா சுத்துற தட்டு இல்லாத டிஸ்க், அதை ஈஎக்ஸ்டி4 ஆப் போர்மட் பண்ணேக்க லினக்ஸ் அந்த இடம் முழுக்க வெறுமை எண்டு டிஸ்க்குக்கு ஒரு கட்டளை அனுப்பும், ட்ரிம் எண்டு பேர், அதோட டிஸ்க் தானாவே உள்ளுக்க துடைச்சிடும். பிறகு எந்தச் சொப்ட்வெயாரும் பூச்சியத்தைத்தான் வாசிக்கும். எடுத்துத் தாறன் எண்டு ஆராவது பெரிய தொகை கேட்டாக் குடுக்காதைங்கோ. அதை விட போனில, வொட்ஸ்அப்பில, கூகிள் டிரைவில, நீங்கள் முந்தி அனுப்பின ஆக்களிட்டத் தேடுங்கோ, அதிலதான் கிடைக்கும்.

வவுனியா: டிஸ்க் விழுந்த பிறகு டிக் டிக் எண்டு சத்தம் போடுது, டெஸ்ட்டிஸ்க் ஓட்டலாமோ?

ஓட்டாதைங்கோ, கரண்டே குடுக்காதைங்கோ. அது ஹெட் அடிபட்ட சத்தம், ஒவ்வொரு சுத்துக்கும் தட்டில கீறும். கடையில திறந்து பாக்கவும் விடாதைங்கோ, தூசி போனா அதோட சரி.

மாங்குளம்: லினக்ஸுக்கு இடம் விட விண்டோஸ் பார்ட்டிஷனைத் தள்ளிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போட்டுது. டெஸ்க்டொப், யூபிஎஸ் இல்லை.

சேர், சுருக்கினதோ, வலப்பக்கம் தள்ளினதோ எண்டது முக்கியம். சுருக்கேக்க போனா விண்டோஸ் டிஸ்க் செக்கே கன தரம் சரிக்கட்டிப் போடும், ஆனா நீங்களும் முதல் இமேஜ் எடுத்திட்டுத்தான் அதை ஓட்டோணும். தள்ளேக்க போனா அரைவாசி புது இடத்திலயும் அரைவாசி பழைய இடத்திலயும் கிடக்கும், அது எல்லாத்திலயும் சிக்கலான கேஸ், டெஸ்ட்டிஸ்க் காட்டினாலும் ஃபைல் திறக்காது, நேர போட்டோரெக்குக்குப் போங்கோ. இனிச் செய்யிறதெண்டா விண்டோஸுக்குள்ள டிஸ்க் மனேஜ்மென்ட்டில சுருக்குங்கோ, அதுவும் பற்றரி உள்ள லப்டொப்பில.

முள்ளியவளை: புது லப்டொப், விண்டோஸ் 11. பார்ட்டிஷன் திரும்பி வந்திட்டுது, ஆனா திறக்க ஏதோ கீ கேக்குது.

அக்கா, அது பிட்லொக்கர், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டுற பூட்டு. கன புது லப்டொப்பில நாங்கள் கேக்காமலே பூட்டித்தான் வருது. லப்டொப்பில போட்ட மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டுக்குள்ள போங்கோ, 48 இலக்கம் உள்ள ஒரு கீ அங்க சேவாகி இருக்கும், அதை அடிச்சாத் திறக்கும். பேர் தெரியாத கடையில செற்றப் பண்ணினதெண்டா அவையின்ர எக்கவுண்டிலயும் இருக்கலாம், போய்க் கேளுங்கோ. கீ இல்லாம ஆராலயும் திறக்க ஏலாது.

துணுக்காய்: நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில பழைய மெசின் பன்னிரண்டுக்கு லினக்ஸ் போடப்போறம். பயமாக் கிடக்கு.

போடுங்கோ டீச்சர், பழைய மெசினுக்கு அதுதான் நல்லது. ஒவ்வொரு மெசினிலயும் பிள்ளையளின்ர, ஒபிஸின்ர ஃபைல் எல்லாம் கொப்பி எடுத்து, எடுத்ததை வேற மெசினில திறந்து பாத்த பிறகு தொடங்குங்கோ. எக்ஸ்டேர்னல் எல்லாத்தையும் கழட்டி மேசையில வையுங்கோ, கழட்டின டிஸ்க்கை எந்த இன்ஸ்டோலராலயும் அழிக்க ஏலாது. பழையது எதையாவது வச்சிருக்கிறதெண்டா கையால பிரிக்கிற ஒப்ஷனுக்குப் போய், போர்மட் எண்ட புள்ளடி எந்த வரியில விழுந்திருக்கு எண்டு ரெண்டு பேர் நிண்டு பாருங்கோ.

பரந்தன்: அண்ணை, நிப்பாட்டிட்டன். போனில இருந்து எழுதுறன். பெரிய டிஸ்க் வாங்க இப்ப காசு இல்லை.

வாங்க வேண்டாம். என்னட்ட இமேஜ் எடுக்கவெண்டே 2 டிபி ஒண்டு கிடக்கு. லப்டொப்பைப் போடாம அப்பிடியே சீலையில சுத்தி நாளைக்கு விடியப் பஸ்ஸில கொண்டு வா, சார்ஜரையும் மறக்காதை. எடுக்க இரவாகும், அம்மாட்டச் சொல்லிப்போட்டு வா.